நாற்பது பேர் இருந்தால் தனிமை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைப் பக்கத்து முதியோர் இல்லங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, லிஃப்ட், தோட்டம், பஜனைக் கூடம் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதிய உங்கள் செய்தியாளர், 'நாற்பது பேர் ஒன்றாக வாழும் இடத்தில் தனிமைக்கு வேலையில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் நான் ஐந்து வருடமாக இருக்கிறேன். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் டெலிபோன் ஆபரேட்டராக 34 வருடம் வேலை பார்த்தவள். ட்ரங்க் கால் காலம் அது. ஒரு ஷிஃப்டுக்குள் எத்தனையோ குரல்கள் காதுக்குள் வந்து போகும். ஒன்றுகூட என்னோடு பேச வந்த குரல் கிடையாது. அதனால் சத்தத்துக்கும் பேச்சுத் துணைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். இங்கே 'சாப்டீங்களா பாட்டி?', 'மாத்திரை போட்டாச்சா பாட்டி?' என்ற இரண்டு கேள்விகளோடு என் நாள் முடிந்துவிடுகிறது. கேட்கிற பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். பகலில் இருப்பது இரண்டு பேர். படுக்கையில் கிடக்கிறவர்களைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டிவிட்டு நிமிரவே அவர்களுக்குப் பொழுது போய்விடும்.

எனக்கும் ஒரு துணை இருந்தது. என் அறையில் இருந்த அக்கா, பொள்ளாச்சிப் பக்கம், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை 'அம்மிணி' என்று கூப்பிடுவார். ஆபீஸ் ரூமில் எல்லோரும் பார்த்து முடித்து மதியம் எங்களுக்கு வந்து சேரும் உங்கள் நாளிதழில் குறுக்கெழுத்தை இருவரும் சேர்ந்து போடுவோம். பென்சில் எப்போதும் அவர் கையில்தான். இரண்டு வருடத்துக்கு முன் விளம்பரத்துக்கு இடம் விட்டு அந்தக் குறுக்கெழுத்தைப் பாதியாகச் சுருக்கினீர்கள். அக்காவுக்குக் கட்டம் தெரியவில்லை. அப்போதே இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. சரி, வாய்விட்டுப் படித்துச் சொல்லலாம் என்றால் அவருடைய காது மெஷினுக்கு பேட்டரி வாங்கித் தர வாரக்கணக்கில் ஆளில்லை. கடைசியில் விட்டுவிட்டோம்.

அதனால்தான் அக்கா படுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார். பாதி இட்லி, அப்புறம் அதுவும் இல்லை. உடம்பெல்லாம் வலி என்றார். ராத்திரி தூக்கம் கிடையாது. 'வயசாயிடுச்சு, மறதி ஆரம்பிச்சிருக்கு' என்றார்கள். மாதம் ஒருமுறை வரும் டாக்டர் பிரஷர், சுகர் பார்த்துவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நான்தான் என் செல்போனிலிருந்து அரசின் மனநல உதவி எண் 14416ஐக் கூப்பிட்டேன். 24 மணி நேரமும் எடுக்கிறார்கள், கட்டணம் இல்லை. பேசிய பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வயதானவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாக வெளியே தெரியாமலே போகலாம். வலியாக, பசியின்மையாக, தூக்கமின்மையாக வரும். மறதி நோய் போலவே தோன்றுவதும் உண்டு. தைராய்டு, பி12 குறைவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற மாதிரி 15 கேள்விகள் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். முக்கியமாக, இதற்குச் சிகிச்சை உண்டு. உடனே போய் இல்லத்து மேனேஜரிடம், அக்காவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். 'அவங்களுக்கு என்ன பைத்தியமா? வெளியே தெரிஞ்சா இல்லத்துக்குத்தான் கெட்ட பேர்' என்றார்.

இரண்டு மாதத்தில் நிமோனியா வந்து அக்கா போய்விட்டார். காலையில் ஆம்புலன்ஸ் போனது, சாயங்காலம் கட்டிலில் புது விரிப்பு. மற்றவர்கள் பயந்துவிடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள் நான். என்னிடம் துக்கம் கேட்க ஒருவர் வரவில்லை. ஊரில் என்றால் பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் சாப்பாடு போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, 'பிள்ளைங்க ஏன் விட்டுட்டாங்க?' என்று கேட்கிறார்கள். என் மகன் என்னை விடவில்லை. நியூஜெர்சியிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறான். வீட்டை விற்றுவிட்டு இங்கே வருவது நானே எடுத்த முடிவு. அக்டோபர் 1, முதியோர் தினம் வந்தால் நீங்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்த சுருங்கிய கையைப் படமாகப் போட்டு, 'கைவிடப்பட்டவர்கள்' என்று எழுதுகிறீர்கள். எல்லாப் பழியும் பிள்ளைகள் தலையில் விழுந்துவிட்டால், இல்லத்தை யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் வருடச் சட்டம் தங்களுக்குத் தெரியாதது அல்ல. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 முதியோராவது தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது 19ஆம் பிரிவு. மருத்துவ வசதி, பொழுதுபோக்கு என்றும் சொல்கிறது. எங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் ஹாலில் முழுச் சத்தத்தில் ஓடும் டிவிதான். பேச ஆள் வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் நூற்றுக்கு 10 பேர். 2031இல் 18 ஆகும் என்கிறது அரசின் மதிப்பீடு. இத்தனை பேருக்கும் கட்டிலும் சாப்பாடும் போதும் என்று உங்கள் நாளிதழும் நினைக்கிறதா?

அடுத்த முறை செய்தியாளரை அனுப்பினால், வார நாளில் மதியம் மூன்று மணிக்கு அனுப்புங்கள். மேனேஜர் கூடவே வராமல், எங்களில் ஒருவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரட்டும்.

அப்புறம், குறுக்கெழுத்தைத் தயவுசெய்து பழைய அளவில் போடுங்கள். அதன் கீழே 14416ஐயும் முதியோர் உதவி எண் 14567ஐயும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிடுங்கள். அக்காவின் கட்டிலுக்குப் போன வாரம் ஒருவர் வந்திருக்கிறார், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். இன்னும் யாரிடமும் பேசவில்லை. குறுக்கெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோவை.
(பெயரை வெளியிட வேண்டாம். நான் இங்கேதான் இருந்தாக வேண்டும்.)