கோட்டைமேட்டுப் பக்கத்திலிருந்து அம்மா

தம்பி,

போனில் நீ இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. "சரிம்மா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மேலத்தெரு மாமா மகன் அடுத்த வாரம் அங்கே திரும்பிப் போகிறான். இந்தக் கடிதத்தையும் நெத்திலிக் கருவாட்டையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பழைய ரூமில் நீ இல்லாவிட்டாலும் தேடிப் பிடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தண்ணீர் நிறையக் குடி.

அவன் ஊருக்கு வந்த அன்றைக்கே வீட்டுக்கு வந்தான். உன்னைப் பற்றிக் கேட்டேன். "நல்லா இருக்கான் அத்தை" என்றான். ஆற்றி வைத்த காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டான். காபியை வேண்டாமென்று சொல்கிற ஆளா அவன்? சரி, அவனுக்கு என்ன அவசரமோ.

இங்கே எல்லோரும் சுகம். பெரிய கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை வரைக்கும் போனது. தங்கச்சிக்குத் தையில் வளைகாப்பு. அண்ணன் வருமா என்று என்னிடம் கேட்கிறாள், உன்னிடம் கேட்கப் பயம். மாடிக்கு விட்ட கம்பி உப்புக் காற்றில் துருவேறுகிறது. கொத்தனார் சிமெண்ட் பால் அடித்து வைக்கச் சொன்னார், அடித்துவிட்டேன். அது பாட்டுக்கு நிற்கட்டும். கட்டி முடிக்காத வீடு இந்தத் தெருவில் நம் வீடு மட்டும் இல்லை. மாடியை நினைத்துக்கொண்டு நீ அங்கே வயிற்றைக் கட்டாதே.

போன மாதம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நம் அழகன்குளம் கோட்டைமேட்டுக்குக் கூட்டி வந்தார்கள். 2016, 2017-இல் தொல்லியல் துறை குழி தோண்டியபோது வேலை பார்த்தவர்கள் யாராவது வந்து பேசுங்கள் என்று டீச்சர் கேட்க, எல்லோருமாக என்னைத் தள்ளிவிட்டார்கள். பேச என்ன இருக்கிறது, குழியை எல்லாம் மூடியாயிற்று. வெறும் மேடு, சீமைக்கருவேலம், ஆட்டுப் புழுக்கை. "இதுவா துறைமுகம், கடலையே காணோம்" என்று ஒரு பையன் சிரித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வைகை கடலில் சேருகிற இடத்தில் இருந்த பட்டினம் இது, ரோமாபுரிச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது, சங்கப் பாட்டில் வருகிற மருங்கூர்ப்பட்டினம் இதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு, பிறகு ஆறு மண்ணடித்துத் தூர்ந்து கடலும் தள்ளிப் போய்விட்டது என்று தொல்லியல் சார் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். நாம் தோண்டுவதற்கு முன்னாலேயே, 1980-களிலிருந்து தோண்டியதில் தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் என்ற ரோமாபுரி ராஜாக்கள் காலத்துக் காசும், கப்பல் படம் கீறின பானை ஓடும் கிடைத்ததைச் சொன்னேன். அந்தக் காசுக்கு 1,600 வயது என்றதும் டீச்சரே எழுதிக்கொண்டார். கொடுத்த கூலிக்கு மேலேயே கவனித்திருக்கிறேன் போல.

ராஜாக்கள் பேரை ஒப்பித்தேனே தவிர, என் மனசு ஓட்டில்தான் இருந்தது. நான் மண் சுமந்தது கொஞ்ச நாள்தான். அப்புறம் ஓடு கழுவ உட்கார வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் தொட்டியில் ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷால் விளிம்பை மட்டும் லேசாகத் தேய்க்க வேண்டும், கீறல் தெரிந்தால் பிரஷை வைத்துவிட்டு விரலால் துடைக்க வேண்டும். சாக்கில் பரப்பி நிழலில் காயவைத்து, காய்ந்ததும் மையில் நம்பர் போடுவார்கள். ஒருநாள் அப்படித் துடைக்கும்போது எழுத்து மாதிரித் தெரிந்தது. சார் ஓடி வந்து பார்த்துவிட்டு, தமிழிதான், அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து, ஒரு ஆளுடைய பேராக இருக்கும் என்றார். சோறாக்குகிற சட்டி, தம்பி. நம் அப்பாவுடைய தூக்குச்சட்டியில் பாத்திரக்கடையில் பேர் வெட்டி வாங்கினோமே, அது மாதிரி யாரும் எடுத்துப் போய்விடக் கூடாதென்று கீறி வைத்திருக்கிறான். பட்டினம் போயிற்று, கப்பல் போயிற்று, சட்டிக்காரன் பேரில் பாதி இருக்கிறது.

இந்த ஆள் அப்புறம் என்ன ஆனான் என்று சாரிடம் கேட்டேன். "ஆவதென்னம்மா, கப்பல் வருகிற அடுத்த ஊருக்குப் போயிருப்பான்" என்று சிரித்தார். யோசித்துப் பார்த்தால் நம் கரை முழுக்க அதே கதைதான். அத்தை வாழ்க்கைப்பட்ட பெரியபட்டினத்தில் 700 வருஷத்துக்கு முந்தின சீனத்துப் பீங்கான் ஓடு மண்ணிலிருந்து வருகிறது. அதுவும் கப்பல் வந்த ஊர், இப்போது கப்பல் இல்லை. தனுஷ்கோடிக்கு 1914-இல் ரயிலும் கப்பலும் வந்தது, 1964-இல் புயலில் எல்லாம் போயிற்று. முழுசாக 50 வருஷம். இப்போது அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு போட்டு, இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நின்று செல்பி எடுக்கிறார்கள். நான் அங்கே இறங்குவதில்லை.

அங்கிருந்து இலங்கைக்குப் போன தலைமன்னார்க் கப்பலில் உன் தாத்தா மூட்டை தூக்கியவர் என்று உனக்குத் தெரியும். டிசம்பர் 22 ராத்திரி அவர் மணல்மேட்டில் ஏறிப் பிழைத்ததும், நாங்கள் தங்கச்சிமடத்தில் இருந்ததால் தப்பித்ததும் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. உடம்பு தேறினதும் வேலை தேடித் தூத்துக்குடிக்குப் போனார். போனவரிடமிருந்து ஒரு தகவல் இல்லை, ஒரு கார்டு இல்லை. அம்மாச்சி ராமேஸ்வரம் ரோட்டில் வருகிற போகிற ஆளை எல்லாம் நிறுத்தி விசாரித்தாள். உயிரோடு இருக்கிறாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. பங்குனியில் ஒருநாள் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கையில் காசில்லாமல் எப்படி முகத்தைக் காட்டுவது என்றிருந்தேன் என்றார். அம்மாச்சிக்கு வந்ததே கோபம். "ஒரு ஊரே கடலுக்குள்ள போயிருக்கு, உன் வெறுங்கையை எவன் பார்க்கப் போறான்" என்று கேட்டாள். சோற்றைப் போட்டாள், கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று கேட்காதே. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

ஊரில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் நிமிர்ந்துதான் உட்காருகிறேன். இருபத்திரண்டு வயதில் போனாய், அப்பா கடனை அடைத்தாய், தங்கச்சியைக் கரையேற்றினாய். எந்த வீட்டுப் பிள்ளை செய்தான்? ஆனால் தீபாவளிக்கு ஒரு போன் போட உனக்கு முடியவில்லை. பணம் அனுப்பாத மாதத்தில் போனும் போடக் கூடாதென்று யார் சொல்லிக் கொடுத்தது? நேரத்துக்குச் சாப்பிடு. கருவாட்டை அப்படியே வைத்துவிடாதே, ஒருநாள் வெயிலில் போட்டு எடு. தண்ணீர் குடி.

இன்னொன்று. தங்கச்சி கல்யாணத்துக்கு அடகு வைத்த என் சங்கிலியை ஆடி மாதமே மீட்டுவிட்டேன். நீ அனுப்பியதில் சிறுகச் சேர்த்ததுதான், உன்னிடம் சொல்லவில்லை. பீரோவில் இருக்கிறது. இப்போது பவுன் விற்கிற விலைக்கு அதை மறுபடி வைத்தால் ஒரு ஆள் அங்கிருந்து வருகிற டிக்கெட்டுக்கும் வளைகாப்புச் செலவுக்கும் சேர்த்தே வரும். யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. மாமா மகன் புதன்கிழமை ஏறுகிறான். அவனிடம் எதுவும் சொல்லி அனுப்ப வேண்டாம், எனக்கே போன் போடு. ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அம்மா