தோடிக்கு இடம் விடு

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய கச்சேரி வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை அம்மாவோடு. அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "இளைச்சுட்டா" என்றாள். அவளுடைய விமர்சனம் அவ்வளவுதான். இரண்டாவது தடவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக. மூன்றாவது தடவை கையில் வயலினோடு.

ஃப்யூஷன் பேண்டில் சேரப்போகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு நான் பேசியதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும். "வருஷக்கணக்கில் வர்ணம் சாதகம் பண்ணினது டிரம்ஸ் சத்தத்தில் கரையவா?" என்று கேட்டேன். "இந்த வயலினே எங்கிருந்துப்பா வந்தது?" என்றாய். பதில் இல்லாமல்தான் போனை வைத்தேன். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி 200 வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்களின் வாத்தியத்தைக் கையில் எடுக்காமல் இருந்திருந்தால், நானெல்லாம் வேறு வேலை பார்த்திருப்பேன். அண்ணனோ பேண்ட் மெட்டுகளுக்கே சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதி வைத்தவர். அந்த நோட்டு ஸ்வரங்களை உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குன்னக்குடி வைத்தியநாதன் ஒரு கச்சேரியில் வலையப்பட்டியின் தவிலோடு சினிமாப் பாட்டை எடுத்ததும், துண்டை உதறிக்கொண்டு எழுந்து வெளியே வந்தவன் நான். வாசலில் நின்று அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டேன் என்பது இதுவரை யாருக்கும் தெரியாது.

சரி, உன் கச்சேரி விஷயத்துக்கு வருகிறேன். கீரவாணி ராகம் பிரமாதம். மேற்கத்திய இசைக்காரர்கள் ஹார்மோனிக் மைனர் என்பதும் அதே ஸ்வரங்கள்தானே, கீபோர்டு பையன் பல ஸ்வரங்களைச் சேர்த்து அமுக்கி வைத்த கார்டெல்லாம் பாந்தமாக உட்கார்ந்தது. ஃப்யூஷனுக்கு வருகிற பாதிப் பேர் அங்கேயே கூடாரம் போட்டுவிடுவார்கள். நீ தோடி ராகத்தை எடுத்தாய். அந்தத் தைரியத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

தோடியின் காந்தாரம், அதாவது ஸரிகமவில் வருகிற 'க', ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமா? ரிஷபத்துப் பக்கம் சாய்ந்து, மத்யமத்தை எட்டிப் பார்த்து, ஆடிக்கொண்டே இருப்பது. அடியில் அந்தப் பையன் மைனர் கார்டை அமுக்கிப் பிடித்திருக்கிறான். அவன் காந்தாரம் ஆணி அடித்தாற்போல நிற்கிறது. கொஞ்ச நேரம் போராடினாய். பல்லவி திரும்பி வரும்போது ஆட்டத்தை விட்டுவிட்டு அவன் ஸ்வரத்தோடு ஒட்டிக்கொண்டாய். கைதட்டல் வந்ததும் அங்கேதான். எனக்கு அங்கே தோடி போய்விட்டது.

அவனைக் குற்றம் சொல்லவில்லை, அவன் வாத்தியம் அப்படி. தம்புராவில் தானாக ஒலிக்கிற அந்தர காந்தாரத்தைவிட, அதாவது மேஜர் கார்டில் வருகிற பெரிய 'க'வைவிட, கீபோர்டின் அதே காந்தாரம் தூக்கல். கீபோர்டின் அரை ஸ்வர இடைவெளியை 100 பங்காக்கினால் 14 பங்கு. மேஜர் கார்டிலேயே இந்த உரசல் உண்டு, தோடியில் கேட்க வேண்டுமா? அவனிடம் காந்தாரத்தை எடுத்துவிட்டு ஸட்ஜம், பஞ்சமம் மட்டும் வைக்கச் சொல். கிட்டார்காரர்கள் பவர் கார்ட் என்று அதைத்தானே நாள் முழுக்க வாசிக்கிறார்கள்? காதில் தாளம் காட்டுகிற க்ளிக் ஓடுகிறது என்றாயே, ஆலாபனை முடிகிறவரை அதை நிறுத்திவிடு.

அப்புறம், நீ நிற்பது. சப்பணம் போட்டு உட்கார்ந்து வயலினின் தலையைக் கணுக்காலில் வைக்கிறோமே, அதனால்தான் இடது கைக்குச் சுமை இல்லாமல் ஒரே விரல் தந்தி நெடுக வழுக்க முடிகிறது. நின்றால் தாடைதான் பிடிக்க வேண்டும். வீடியோவில் க்ளோசப் வருகிற இடத்தில் உன் கட்டைவிரலைப் பார். கழுத்தை அழுத்தி நகம் வெளுத்திருக்கிறது. பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு வழுக்கிப் போகிற ஜாரு பாதி வழியில் உடைந்தது அதனால்தான். மேடையில் ஒரு திட்டு போட்டுத் தரச் சொல்லி உட்கார்ந்துகொள். பேண்ட் என்றால் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

1970-களில் சக்தி என்ற ஃப்யூஷன் குழுவுக்காக கிட்டார்காரர் ஜான் மெக்லாலின், ஃப்ரெட்டுகளுக்கு, அதாவது குறுக்கே பதித்த கம்பிகளுக்கு, நடுவே பலகையைக் குடைந்த கிட்டார் ஒன்றைச் செய்து வாங்கினார். தந்தியை அழுத்தி இழுத்தால் கமகம், அந்த ஸ்வர அசைவு, வர வேண்டும் என்பதற்காக. பின்னாளில் அவரோடு வாசித்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ், எட்டுத் தந்தியை ஐந்தாகக் குறைத்து மின்சார மாண்டலினில் தோடியையே வாசித்தார். உன் வயலினில் ஃப்ரெட்டே கிடையாது. உனக்கு என்னடி தடை?

அடுத்த ரிகர்சலில் ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும் வைத்துக்கொண்டு தோடியை ஒரு தடவை வாசித்து அனுப்பு. எதிரொலி கொடுக்கிற ரிவர்ப் போடாதே, போட்டால் பிசிறு தெரியாது. வீடியோவாகவே அனுப்பு. அம்மா நீ சாப்பிடுகிறாயா என்று பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா