அந்தப் பேக்கேஜ் வேண்டாம், கலை

அன்புள்ள கலைக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளைக்கு முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

பிள்ளைகளுக்கு அந்த வீடியோ பாடப் பேக்கேஜை வாங்கலாமா என்று போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. யாழினி, கவின் இரண்டு பேரும் பக்கத்திலேயே இருந்தார்கள். அதோடு, பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நம் தையல் கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்து, படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன்.

வீடியோ பாடம், டேப்லெட், சந்தேகம் கேட்க ஒரு டீச்சர், மாதத் தவணை என்று அதை விற்கிற ஆள் உன்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறார். எனக்கும் போன் செய்தார். "பாட்டிம்மா, இப்போ கட்டினா பாதி விலை" என்றார். நாளைக்குக் கட்டினால் என்ன விலை என்று கேட்டேன், சிரித்தார். கட்டாதே. வீடியோ பார்த்துப் பிள்ளைகள் படிப்பதில் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. தினமும் பார்க்கிறார்கள். நீ மஸ்கட்டில் இரவு டியூட்டி பார்த்துச் சம்பாதிக்கும் பணத்தை அதற்குக் கொட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

யாழினியின் பாடப்புத்தகத்திலேயே பக்கத்து ஓரங்களில் கியூஆர் கோடு இருக்கிறது. திக்‌ஷா என்ற ஆப்பில் அதைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கியது. அதன் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. எல்லாம் தமிழில், காசில்லாமல். அந்த ஆள் காட்டிய மாதிரி வீடியோவை நானும் பார்த்தேன். படம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் பாதி இங்கிலீஷ். தமிழ் மீடியத்தில் பின்னத்தின் மேல் எண்ணைத் தொகுதி, கீழ் எண்ணைப் பகுதி என்று படிக்கிற பிள்ளை அதைக் கேட்டுவிட்டுப் பரீட்சையில் என்ன செய்யும்?

யாழினிக்கு இப்போது பின்னம் கூட்டல் நடக்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதி வைத்திருந்தாள். நான் தப்பு என்று சொல்லவில்லை. "அரை மீட்டர் துணியோடு இன்னும் கொஞ்சம் துணியைச் சேர்த்தா அரை மீட்டரை விடக் குறையுமாடி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். அப்புறம் அவளே அழித்தாள்.

இஞ்ச் டேப்பை வைத்து அரையும் அரைக்காலும் கூட்டிக் காட்டினேன். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். அரை இஞ்ச் நாலு நூல், அதோடு ஒரு நூல், ஆக 5/8. உடனே பிடித்துக்கொண்டாள். ஆனால் மூன்றில் ஒன்றை என் டேப்பில் எங்கே காட்டுவது? அங்கேதான் வீடியோ கை கொடுத்தது. ஒரு செவ்வகத்தை ஆறு கட்டமாகப் பிரித்தார்கள். அரைக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம், ஆக 5/6. மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. நான் படித்த காலத்தில் வாய்ப்பாடாக ஒப்பித்தோம், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் கலை, வீடியோவில் ஒரு வம்பு இருக்கிறது. பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கும். டீச்சர் தடுமாறாமல் போடுகிறார், விடை வந்துவிடுகிறது, இவள் தலையை ஆட்டுகிறாள். "புரிஞ்சுதா?" என்றால், "ம்ம், புரிஞ்சுது ஆயா." அதே கணக்கை எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தால் பென்சில் நகராது. நான் வெட்டுவதைக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்காவது ஜாக்கெட் வெட்ட வந்துவிடுமா?

அதனால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். கணக்கைச் சொன்னதும் வீடியோவை நிறுத்த வேண்டும். நோட்டில் தானே போட வேண்டும். தப்போ சரியோ ஒரு விடை எழுதின பிறகுதான் மீதியைப் பார்க்கலாம். முதலில் முறைத்துக்கொண்டாள். இப்போது டீச்சர் சொல்வதற்கு முன்னால் விடை வந்துவிட்டால் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள் பார், அச்சு அசல் நீதான். அப்புறம், வேண்டிய வீடியோவை முன்பே இறக்கி வைத்துவிட்டு நெட்டை அணைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னம் முடிந்த மறு நிமிஷம் யாரோ சிக்கன் பொரிப்பது தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும், இந்தப் பக்கம் மழையும் பெண்ணையாற்று வெள்ளமுமாகக் கிடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அப்போதும் பெருக்கல் கணக்குப் போட நோட்டு இருந்தது. கடலூரில் இருந்துகொண்டு படிப்பை மொத்தமாகப் போனுக்குள் வைக்க முடியாது.

கவின் விஷயம் வேறு. மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிப்பு தட்டுத் தடுமாறித்தான் இருக்கிறது. கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் திணறுகிறான். "கொக்கு" என்று எழுதியிருந்தால் "கெக்கு" என்கிறான், பின்னால் வரும் கால் அவன் கண்ணில் படுவதே இல்லை. கதை வீடியோ போட்டால் மட்டும் கடகடவென்று கூடவே சொல்வான். ஆகா என்று இருந்தது. ஒருநாள் நடுவில் நிறுத்தி, திரையில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்றேன். தெரியவில்லை. காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான், கண் படத்தில் இருந்த முயல் மேல்.

இப்போது சத்தத்தை அணைத்துவிட்டு முதலில் அவன் வாசிக்க வேண்டும். பிறகு சத்தத்தை வைத்து, சரியா என்று அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சக்குப்பத்திலிருந்து ஜாக்கெட் தைக்க வருவாரே ஒரு டீச்சர், அவர் இன்னொன்றும் சொன்னார். பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகளைத் திரையில் ஓடவிட்டால், அரைகுறையாக எழுத்து தெரிந்தவர்களுக்கு வாசிப்பு பழகுமாம். அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996இல் தொடங்கிய வேலை. கவினுக்குப் பாட்டுப் பைத்தியம் என்று உனக்குத் தெரியும். தெரிந்த பாட்டு என்பதால் அடுத்த சொல் என்ன என்று முன்பே தெரிகிறது, எழுத்து எப்படி இருக்கிறது என்று கண் தேடுகிறது. ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தையும் அந்த டீச்சர்தான் காட்டினார். பிரதம் புக்ஸ் நடத்துவது. தமிழில் சின்னச் சின்னக் கதைகள், நிலை நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் இலவசம். கவின் இப்போது முதல் நிலையில் இருக்கிறான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் நிலையா என்று நீ மூஞ்சியைச் சுளிக்காதே. அவனிடம் கேட்கவும் கேட்காதே.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நெட்டில் இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கும் கான் அகாடமியை ஆரம்பித்த சல்மான் கான் இருக்கிறாரே, அவர் 2004இல் பாஸ்டனில் இருந்தபோது, நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரப் பெண் நாடியாவுக்குத்தான் முதலில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அளவு மாற்றுகிற கணக்கு வரவில்லை. இவர் தூரத்திலிருந்து போனில் சொல்லிக் கொடுத்தார். மற்ற உறவுக்காரப் பிள்ளைகளும் சேர்ந்த பிறகு, 2006இல்தான் யூடியூபில் வீடியோ போட ஆரம்பித்தார். வீடியோவுக்கு முன்னால் இருந்தது போன்தான்.

நீயும் தூரத்தில்தான் இருக்கிறாய். உனக்கு ஆஃப் வரும் நாளில், அங்கே ஆறரை, இங்கே எட்டு மணிக்கு வீடியோ காலில் வா. நீ பாடம் நடத்த வேண்டாம். யாழினி அந்த வாரம் கற்ற ஒரு கணக்கை உனக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். தெரியாத மாதிரி கேள். "ஏன் அஞ்சு வரலை, ஆறு வந்துச்சு?" என்று கேள். மாப்பிள்ளை கவினிடம் ஒரு பக்கம் கதை கேட்கட்டும். அவன் திணறும்போது சொல்லை எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுக்கச் சொல், அவருக்கு அவசரம் அதிகம். "சாப்பிட்டியா, தூங்கினியா"வுக்குப் பிறகு உங்களுக்குள் பேச்சு ஓடாமல் இரண்டு பக்கமும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தானே செய்கிறேன்.

பணம் அனுப்புவதாக இருந்தால் யாழினிக்கு ஒரு நல்ல ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்க வேண்டும், அதற்கு மட்டும் அனுப்பு. போன வருடம் வாங்கியதில் காம்பஸ் ஆடுகிறது. அந்த ஆள் மறுபடி கூப்பிட்டால் நீயே பேசிவிடு. எனக்குப் போன் வந்தால் நான் ஜாக்கெட் தைக்க அளவு கேட்க ஆரம்பித்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்