நாக்கு ஒட்டுவது வேறு, தாகம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் 'உலர்வாய்' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விஷயமெல்லாம் சரிதான். ஆனால் 'எனக்கு உலர்வாய்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாம் சொல்வது வேறு. அதிலும் சமயத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்.

பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தால் 'தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு'. வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் 'நா வறண்டுபோச்சு', 'தண்ணி தவிக்குது'. இலங்கைத் தமிழர் 'தண்ணி விடாய்க்குது' என்பார்கள். பயத்தில் வருவதோ 'நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு'. இதைச் சும்மா மிகைப்படுத்திச் சொல்வது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லையாம். பயந்த நேரத்தில் தண்ணீராகச் சுரக்கும் எச்சில் குறைந்து, கெட்டியாகக் கொழகொழவென்று கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. ஒட்டாமல் என்ன செய்யும்? ஒரு இன்டர்வியூவில் என் பெயரைக் கேட்டபோதே எனக்கு அப்படி ஒட்டியிருக்கிறது.

('தொண்டையை நனைச்சுட்டு வரேன்' என்று சாயங்காலம் கிளம்புகிறவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் நனைத்த தொண்டை மறுநாள் காலையில் இன்னும் வறண்டு கிடக்கும்.)

நான் எழுத வந்தது எங்கள் அத்தையைப் பற்றி. இரண்டு மாதமாக 'வாயில ஈரமே இல்ல, நாக்கு ஒட்டுது' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் தண்ணீரை நீட்டுவோம். குடிப்பார். கால் மணி நேரத்தில் மறுபடி அதே பேச்சு. 'இன்னும் தாகமா அத்தை?' என்றால், 'தாகம்னு நான் எப்போ சொன்னேன்?' என்று எரிந்து விழுவார். ஒருநாள் ஒரு பிஸ்கட்டைக் கடித்தவர் மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை. மாவு அண்ணத்தில் அப்பிக்கொண்டு, மேல் பல்செட் அப்படியே இறங்கி வந்துவிட்டது. பல்செட்டைப் பிடித்து வைப்பதில் எச்சிலுக்கும் பங்கு உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்புறம் டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, 'என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' தோல் அரிப்புக்காக அத்தை தினமும் போட்டுக்கொண்டிருந்த மாத்திரைதான் காரணம். அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள், பிரஷர் மாத்திரைகளில் சில என்று எச்சிலைக் குறைக்கும் மருந்துகள் நிறைய இருக்கின்றனவாம். நல்ல உடம்பில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். அது குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகிவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி, அவரே வேறு எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் அத்தை பழையபடி பிஸ்கட் சாப்பிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அத்தை முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். உடம்புக்குத் தண்ணீர் பற்றாவிட்டால் தாகம். வாய்க்கு எச்சில் பற்றாவிட்டால் நாக்கு ஒட்டும். நாங்கள்தான் இரண்டையும் ஒன்றாகக் கேட்டோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது தலைப்பிலேயே 'நாக்கு ஒட்டுகிறதா?' என்று போடுங்கள். டாக்டரிடம் போவதற்கு முன்பே அத்தை உங்கள் கட்டுரையை முழுக்கப் படித்தார். 'உலர்வாயாம், யாருக்கோ பாவம்' என்று சொல்லி மடித்து வைத்துவிட்டு, என்னிடம் தண்ணீர் கேட்டார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி