மூணு தடவை சீல் மாத்தியும் நிக்காத ஒழுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பழைய கார் வச்சிருக்கவங்களுக்காக ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, வீட்ல எல்லாரும் படிச்சோம். ஆனா பின்னாடி டிஃபரன்ஷியல்ல (எஞ்சின் இழுவையை ரெண்டு பின்சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற பல்சக்கரப் பெட்டி) ஆயில் கசிஞ்சா சீல (ஆயில் வெளிய வராம அடைக்கிற ரப்பர் வளையம்) மாத்திட்டு 90 நம்பர் கியர் ஆயில் ஊத்திட்டா சரியாப் போயிரும்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுறேன். ஏன்னா அப்படியே செஞ்சு ரெண்டு வருஷம் அலைஞ்சவன் நான்.

எங்களுது 1989 மாடல் அம்பாசிடர், அப்பச்சி வாங்குனது. தேவகோட்டையில எங்க வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும், பின்கட்டுல தான் கார் ஷெட்டு. அண்ணன் தம்பிக எல்லாம் சென்னை, மலேசியான்னு போயிட்டாங்க, ஊர்ல இருக்கது நான் மட்டும். வண்டி வெளிய வர்றது கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கிறது), பிள்ளையார்பட்டி போறதுன்னு வருஷத்துக்கு நாலஞ்சு தடவை தான். செட்டிநாட்டுப் பக்கம் இப்படி நிக்கிற வண்டி ஒண்ணு ரெண்டு இல்ல. ஓடுற வண்டியை விட நிக்கிற வண்டிக்குத்தான் சீல் சீக்கிரம் போகுது, இது நிறையப் பேருக்குத் தெரியல. ஓடுறப்ப டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்க பெரிய பல்சக்கரம், கிரவுன் வீல், ஆயில வாரி அடிக்கும், சீலோட ரப்பர் உதடு நனைஞ்சுக்கிட்டே இருக்கும். மாசக்கணக்கா நின்னா ஆயில் எல்லாம் கீழ வடிஞ்சு, மேல் பக்க ரப்பர் காஞ்சு கட்டை மாதிரி ஆயிரும். அப்புறம் திடீர்னு எடுத்து 80 கிலோமீட்டர் ஓட்டுனா அது எப்படிப் பிடிக்கும்.

முதல்ல பார்த்தது எங்க ஆத்தா தான். ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து முகப்புல நிப்பாட்டியிருந்தேன், காலையில ஆத்தங்குடிக் கல்லு மேல உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பா ஒரு வட்டம். அந்தக் கல்லு சிமெண்டுங்கிறதால எண்ணெயை உறிஞ்சிக்கும், மரத்தூள் போட்டுத் தேச்சும் அந்தக் கறை இன்னிக்கு வரைக்கும் போகல. விரல்ல தொட்டு மோந்து பார்த்தேன், கந்தக வாடை. எஞ்சின் ஆயில்ல அந்த வாடை வராது, கியர் ஆயில்ல தான் வரும். குனிஞ்சு பார்த்தா கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற நீளத் தண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், வந்து சேர்ற இடத்துல, பினியன் (கிரவுன் வீலைச் சுத்துற சின்னப் பல்சக்கரம்) சீல் பக்கம் பூரா ஈரம், அதுல செம்மண் ஒட்டிப் பிசின் மாதிரி இருந்துச்சு.

ஒரு ஷெட்ல விட்டேன், பினியன் சீல மாத்துனாங்க, ரெண்டு மாசத்துல திரும்ப ஒழுகுச்சு. அடுத்த ஷெட்ல அதே சீல் இன்னொரு தடவை. அங்க ஒருத்தர் 90 தண்ணியா இருக்கு, 140 ஊத்துனா ஒழுகாதுன்னு சொல்லி ஊத்திவிட்டார், ஒழுக்கு கொஞ்சம் மெதுவாச்சு, அவ்வளவு தான். மூணாவது வெளியூர்ல ஒரு இடம், அங்கேயும் சீல மாத்தி, பினியன் நட்டுல பெரிய பைப்பைச் செருகி ரெண்டு பேரு தொங்கி டைட் பண்ணுனாங்க, அதுல இருந்து 60ல போனாலே பின்னாடி ஊஊன்னு ஒரு சவுண்டு.

கடைசியில காரைக்குடியில வயசான ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் முதல்ல சீலைத் தொடவே இல்ல. வண்டிக்கு அடியில படுத்து ஆக்ஸில் ஹவுசிங் (பின் அச்சை மூடியிருக்க இரும்புக் கூடு) மேல கையால தடவிக்கிட்டே போயி, வேப்பங்கொட்டை அளவுல இருந்த ஒரு மூடிய கழட்டிக்கிட்டு வந்தார். "தம்பி, இதுல ஊதிப் பாருங்க"ன்னு கையில குடுத்தார். ஊதுனேன், காத்து ஒரு இம்மி போகல. உள்ள செம்மண்ணும் ஆயிலும் சேர்ந்து செங்கல் மாதிரி இறுகிக் கிடந்துச்சு. அதுதான் பிரீதர். ஓடி ஓடி டிஃபரன்ஷியல் சூடாகுறப்ப உள்ள இருக்க காத்து விரியும்ல, அது வெளிய போக இருக்க ஒரே வழி இதுதான். இது அடைஞ்சா அந்தக் காத்து சீல் இடுக்குல புகுந்து ஆயிலையும் சேர்த்துத் தள்ளிட்டு வந்துரும், நீங்க எத்தனை புது சீல் போட்டாலும் இதே கதை தான். மூணு ஷெட்ல ஒருத்தர் கூட அதைத் தொட்டுப் பார்க்கல. மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டு மெல்லிசு கம்பியால குத்தி எடுத்துட்டு திரும்ப ஊதச் சொன்னார், காத்து போச்சு. அந்த வேலைக்குக் காசு வேண்டாம்னுட்டார்.

அதோட விடல. சீலைக் கழட்டி, சீல் உக்கார்ற ஃபிளேஞ்சுல (புரொப்பல்லர் ஷாஃப்ட்டை பினியனோட சேர்க்கிற துண்டு) என் கட்டை விரல் நகத்தை வச்சு இழுக்கச் சொன்னார், நகம் ஒரு பள்ளத்துல மாட்டுச்சு. பழைய சீலு வருஷக்கணக்கா ஒரே இடத்துல உரசி வளையம் மாதிரி கோடு போட்டிருக்கு, புது சீலோட உதடும் அதே பள்ளத்துல போய் உக்காந்தா எப்படி அடைக்கும்? லேத்துல குடுத்து அது மேல மெல்லிசா ஸ்லீவ் (உறை) அடிச்சு வாங்குனோம். பினியனைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்து பேரிங் ஆட்டம் இருக்கான்னும் பார்த்தார், பேரிங் ஆடுனா சீல் ஒரு மாசம் கூடத் தாங்காதாம். சீலை ஸ்பிரிங் இருக்க பக்கம் ஆயிலைப் பார்த்த மாதிரி வச்சு, உதட்டுல கியர் ஆயில் தடவி, அகலமான குழாயை மேல வச்சு சுத்திச் சுத்தி ஒரே மட்டமாத் தட்டி இறக்குனார். சுத்தியல ஒரு ஓரத்துல அடிச்சா சாஞ்சு உக்காரும், அங்கேயே போச்சு.

பினியன் நட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி பஞ்ச் வச்சு அடையாளம் போட்டுக்கணும், எத்தனை மரை வெளிய தெரியுதுன்னு எண்ணிக்கணும், திரும்ப அதே இடத்துல கொண்டுவந்து நிறுத்தணும்னு சொன்னார். சில வண்டியில ரெண்டு பேரிங்குக்கு நடுவுல நசுங்குற மாதிரி ஒரு ஸ்லீவ் இருக்கும், அது அளவுக்கு மேல நசுங்கிட்டா திரும்ப நீளாது, புதுசு தான் போடணும். எங்க வண்டியில அந்த ஊஊ சவுண்டு வந்ததுக்குக் காரணமும் பைப்பைப் போட்டு இறுக்குனது தான், பேரிங் மாத்த வேண்டியதாப் போச்சு.

இன்னொரு விஷயம், இது உயிர் சம்பந்தப்பட்டது. பிரீதர் அடைச்சிருந்த காலத்துல இடது பின்சக்கர சீலும் கசிஞ்சு ஆயில் பிரேக் டிரம்முக்குள்ள போயிருக்கு, எனக்குத் தெரியல. குன்றக்குடி போற வழியில பிரேக் பிடிச்சதும் வண்டி வலது பக்கம் இழுத்துக்கிட்டுப் போச்சு, உள்ள ஆத்தாவும் அண்ணன் பிள்ளைகளும். எதுத்தாப்புல வண்டி வராம இருந்தது அந்த முருகன் புண்ணியம். ஆயில் குடிச்ச பிரேக் ஷூவை பெட்ரோல்ல கழுவி திரும்பப் போடுறாங்க நிறைய இடத்துல, தயவுசெஞ்சு போட விடாதீங்க, லைனிங்குக்குள்ள ஊறுனது வெளிய வராது, சூடானா திரும்பக் கசியும். புது ஷூ தான், ரெண்டு பக்கமும்.

இப்ப ஆயில். கடையில போய் 90 குடுங்கன்னு கேட்டா போதாதுங்க. 90ங்கிறது கெட்டி எவ்வளவுங்கிற கணக்கு மட்டும் தான், அதுவும் எஞ்சின் ஆயில் கணக்கு வேற கியர் ஆயில் கணக்கு வேற, 90 கியர் ஆயில் சூட்டுல கிட்டத்தட்ட 40, 50 எஞ்சின் ஆயில் அளவு கெட்டி தான் இருக்கும். 80டபிள்யூ-90ல முன்னாடி இருக்க நம்பர் குளிர்காலத்துக்கு, நம்ம ஊரு வெயிலுக்கு அதைப் பத்திக் கவலையே வேண்டாம். டப்பாவுல பார்க்க வேண்டியது ஜிஎல்-4ஆ ஜிஎல்-5ஆங்கிறது, கியர் பல்லோட அழுத்தத்தை ஆயில் எவ்வளவு தாங்கும்ங்கிற தரம் அது. பின் ஆக்ஸில்ல பினியன் கிரவுனோட நடுவுக்குக் கொஞ்சம் கீழ தள்ளி உக்காந்திருக்கும், ஹைபாய்டுன்னு சொல்வாங்க. அதுல பல்லும் பல்லும் உருள்றதோட நிக்காம வழுக்கித் தேய்க்கும், அந்த அழுத்தத்துல வெறும் ஆயில் நடுவுல நிக்காம பிதுங்கி ஓடிரும். அதுக்குத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து ஜிஎல்-5ல கூடுதலா இருக்கு, இரும்பு மேல ஒரு படலம் மாதிரி பிடிச்சுக்கிட்டு காப்பாத்தும்.

அப்ப கியர்பாக்ஸுக்கும் அதையே ஊத்தலாமேன்னு தோணும். என் மச்சான் ஆம்னியில அப்படித்தான் ஒரே கேன்ல இருந்து ரெண்டுலயும் ஊத்தி அனுப்பிட்டாங்க, கொஞ்ச நாள்ல மூணாவது கியர் கரகரன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. கியர்பாக்ஸ் உள்ள பித்தளை சிங்க்ரோ வளையம் இருக்கு, அது கொஞ்சம் உரசிப் பிடிச்சாத்தான் கியர் விழும், ஜிஎல்-5 ரொம்ப வழவழப்பு, அதுல இருக்க கந்தகம் சில ஆயில்ல பித்தளையையே அரிக்கும். ஜிஎல்-4 மாத்தி ஊத்துன பிறகு பரவாயில்ல. ஸ்விஃப்ட், ஆல்டோ மாதிரி முன்சக்கரம் இழுக்குற வண்டி வச்சிருக்கவங்களுக்கு டிஃபரன்ஷியல் தனியா கிடையாது, கியர்பாக்ஸுக்குள்ளயே தான் இருக்கு, ஒரே ஆயில் தான். அதுக்கு கம்பெனி புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அது மட்டும் ஊத்துங்க.

ஊத்துறப்ப ஒண்ணு, வடிகட்டுற போல்ட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி நிரப்புற போல்ட்டு கழலுதான்னு பார்த்துருங்க. எல்லாத்தையும் வடிச்சுட்டு மேல கழலலைன்னா வண்டி அங்கேயே நிக்கும். சமதரையில நிப்பாட்டி, நிரப்புற ஓட்டையோட கீழ் விளிம்புக்கு ஆயில் வந்து தளும்புனா போதும், கூட ஊத்துனா அதுவும் சீலைத்தான் தேடிக்கிட்டு வரும்.

வடிச்ச பழைய ஆயில சில ஷெட்டுல சாக்கடையில விடுறாங்க, மழை பெஞ்சா அது போய்ச் சேர்றது ஊருணியில. மழைத்தண்ணி ஒரு சொட்டு வீணாகாம வெட்டி வச்சுட்டுப் போனாங்க நம்ம ஆளுக, அந்தத் தண்ணியில ஆயில் மினுங்குறதப் பார்த்தா வயிறு எரியுது. கேன்ல பிடிச்சு பழைய ஆயில் எடுக்கிறவங்ககிட்ட குடுத்துரலாம். இதைப் பத்தியும் உங்க பத்திரிகையில எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014ல நின்னு போச்சு, பின்சக்கர சீல் இப்ப கடையில கிடைக்கிறது தரம் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப வித்தியாசமா இருக்கு. நல்ல சரக்கு எந்த ஊர்ல கிடைக்குதுன்னு தெரிஞ்ச வாசகர்கள் இதே பகுதியில எழுதுனா என்னை மாதிரி இருக்கவங்களுக்கு உதவியா இருக்கும், தை மாசம் படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வர்றாங்க, அதுக்குள்ள வலது பக்கமும் மாத்திரணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
தேவகோட்டை