பாப்பாவுக்கு, மிட்டாய் குட்டி போடுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பா,

முதல் வேலையாக, உன் பெண் முயல் மிட்டாயோடு இருக்கும் அந்த ஆண் முயலை வேறு அறைக்கு மாற்றிவிடு. இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார் என்கிறாய், குட்டியாக இருக்கும்போது பார்த்துச் சொல்வது கஷ்டம்தான், அது போகட்டும். ஆனால் முயல் குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் சினை பிடிக்கும். மாடு மாதிரி பருவத்துக்கு வருகிற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது, ஆண் சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளியே வரும். பிரசவத்தில் நொந்த உடம்பு அடுத்த மாதமே இன்னொரு ஈற்றைத் தாங்காது. அதனால் இன்றைக்கே செய்.

போனில் சொல்லச் சொல்ல நீ பாதியில் அழ ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். முயல் பெரும்பாலும் ராத்திரியிலோ விடியற்காலையிலோதான் குட்டி போடும். அந்த நேரத்தில் நான் பூம்பாறையில் இருப்பேன், நீ வேளச்சேரியில் தனியாக இருப்பாய், இது கையில் இருந்தால் எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

சினைக்காலம் சுமார் 31 நாள். ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆகும். 33 தாண்டிவிட்டால் காத்திருக்காதே, டாக்டரிடம் காட்டு. குட்டி ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது என்றால் நாள் தள்ளிப்போகும், உள்ளே குட்டியும் பெரிதாக வளர்ந்துவிடும், சிக்கல் வருவது பெரும்பாலும் அங்கேதான். கொழுத்த முயலுக்கும் அப்படித்தான். மிட்டாய்க்குக் கடையில் விற்கும் தீனியும் கேரட்டும் நிறையக் கொடுக்கிறாய் என்று நினைக்கிறேன், கேரட்டைக் குறைத்துப் புல்லை அதிகமாக்கு. அதற்காக இப்போது பட்டினி போட்டு இளைக்க வைக்கலாம் என்று நினைத்துவிடாதே, சினையின் கடைசி வாரத்தில் சாப்பிடாமல் கிடக்கும் முயலுக்கு உடம்பில் நஞ்சேறி உயிருக்கே ஆபத்தாகும்.

உனக்கு நாள் கணக்கு தெரியாது என்பதால் அவளையே பார்த்துக்கொண்டிரு. வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு அங்குமிங்கும் அலைவாள், அப்புறம் வயிற்றிலும் கழுத்துக்குக் கீழே தொங்கும் சதையிலும் இருக்கும் முடியைப் பிடுங்கி மெத்தை போடுவாள். பார்க்கப் பாவமாக இருக்கும், தடுக்காதே. அந்த முடிதான் குட்டிகளுக்குப் போர்வை, முடி உதிர்ந்த இடத்தில் காம்பும் வெளியே தெரியும். அவள் உள்ளே திரும்பி உட்காரும் அளவுக்கு ஒரு மரப்பெட்டியோ கெட்டி அட்டைப்பெட்டியோ இப்போதே வைத்துவிடு, இருட்டாக, சத்தமில்லாத மூலையில்.

எல்லாம் சரியாக நடந்தால் உனக்கு வேலையே இல்லை. பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொரு குட்டியாக வரும், நக்கிச் சுத்தம் செய்வாள், நஞ்சுக்கொடியைத் தின்றுவிடுவாள், அது இயல்புதான். தலை முதலில் வந்தாலும் கால் முதலில் வந்தாலும் முயலுக்கு இரண்டும் சகஜம். கிட்டே போகாதே, லைட்டைப் போட்டு வீடியோ எடுக்காதே. முயல் எல்லோருக்கும் இரையாகிற பிராணி, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பயத்தில் பிரசவம் பாதியில் நின்றுவிடும்.

இனி வெள்ளச்சியின் கதைக்கு வருகிறேன். நீ ஹாஸ்டலில் இருந்ததால் உனக்கு முழுதாகத் தெரியாது. மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் அப்பா வாங்கி வந்த வெள்ளை ஜெயன்ட் இன முயல் குட்டிதான் அவள். மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை, அடுப்படிக்குப் பின்னால் பெட்டியில் மூன்று குட்டிகளைச் சுலபமாகப் போட்டுவிட்டாள். அப்புறம் நின்றுவிட்டது. முக்குகிறாள், உடம்பு முழுக்க இறுகுகிறது, பின்னங்காலைத் தரையில் ஊன்றித் தள்ளுகிறாள், ஒன்றும் வரவில்லை. டார்ச்சைத் துணியால் மூடிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன். ஒரு பின்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. உளுந்து அளவுக்குப் பாதம், அதில் நகம்கூடத் தெரிந்தது. கால் நீலம் பாரித்திருந்தது.

இப்படி ஒரு பாகம் வெளியே வந்து மாட்டிக்கொண்டால் மட்டும்தான் நாம் கை வைக்கலாம். உள்ளே விரலை விட்டுத் தேடுகிற வேலை நமக்கு வேண்டவே வேண்டாம், கிழிந்துவிடும். அப்பா அவளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார், பின்பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், முயலின் பின்னங்காலுக்குப் பலம் அதிகம், முதுகெலும்போ லேசானது, தாங்காமல் பிடித்தால் ஒரு உதறலில் அதன் முதுகு அதுவே ஒடிந்துவிடும். மல்லாக்கவும் போடாதே. நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, காய்ச்சி ஆறவைத்த தேங்காய் எண்ணெயைச் சுற்றிலும் தடவினேன். நீ மருந்துக்கடையில் கேட்டால் தண்ணீரில் கரையும் ஜெல்லி கிடைக்கும், அது இன்னும் நல்லது. வெதுவெதுப்பான ஈரத் துணியால் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அவள் முக்கும்போது மட்டும் இழுத்தேன், நேராகப் பின்னால் இல்லை, அவள் கால் பக்கமாகக் கீழ்நோக்கி. அவள் நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். ரொம்ப நேரம் போல இருந்தது. பிறகு இன்னொரு காலும் இடுப்பும் சேர்ந்து நழுவி வந்தது, தலையும் வந்துவிட்டது. குட்டி செத்திருந்தது, மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிது.

அவள் அதோடு நிம்மதியாகவில்லை. வயிற்றைத் தொட்டால் இன்னும் கட்டியாக இருந்தது. மறுபடியும் முக்கினாள், கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்து, தலையைத் தரையில் சாய்த்துக்கொண்டாள். பழுப்புப் பச்சையாக ஒழுகவும் ஆரம்பித்தது. உடனே கூடையில் வைத்துக் கொடைக்கானலுக்கு எடுத்துப் போனோம்.

டாக்டர் ஊசி போடுவதற்கு முன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். குட்டிகள் வழியில் குறுக்கே சிக்கவில்லை, கருப்பைதான் களைத்துப்போய்ச் சுருங்க மறுக்கிறது என்று தெரிந்த பிறகுதான் முதலில் கால்சியம் கொடுத்தார், கொஞ்ச நேரம் விட்டு, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின். அந்த வரிசை முக்கியம் பாப்பா. வழி அடைத்திருக்கும்போது ஆக்ஸிடோசின் போட்டால் கருப்பை வெடித்துவிடும். யாராவது மருந்துக்கடையிலிருந்து வாங்கி வந்து போடலாம் என்று சொன்னால் கேட்காதே, டாக்டரிடமும் “அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா” என்று கேள், கேட்பதில் தப்பில்லை. வெள்ளச்சிக்கு அதற்குப் பிறகு இரண்டு வந்தன. ஒன்று உயிரோடு, ஒன்று இல்லை.

உனக்கு ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். முயலின் கருப்பை இரண்டு பிரிவு, இரண்டுக்கும் தனித்தனி வாய். சில சமயம் ஒரு பக்கத்துக் குட்டிகளைப் போட்டுவிட்டு, சில மணி நேரம் விட்டு, அபூர்வமாக அடுத்த நாள்கூட, மறுபக்கத்துக் குட்டிகளைப் போடும். அதனால் இடைவெளி விட்டாலே ஆபத்து என்று அர்த்தமில்லை. நடுவில் சாப்பிடுகிறாள், நடமாடுகிறாள், முக்கவில்லை என்றால் விடு. விடாமல் முக்குகிறாள், அரை மணி நேரமாக ஒன்றும் வரவில்லை என்றாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, பச்சையாகவோ நாற்றமாகவோ ஒழுகினாலோ, சுருண்டு படுத்துவிட்டாலோ உடனே கிளம்பு. விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதே.

நாய் பூனை பார்க்கும் எல்லாரும் முயல் பார்ப்பதில்லை. அதனால் இந்த வாரமே நாலைந்து இடத்துக்குப் போன் போட்டு “முயல் பிரசவம், தேவைப்பட்டால் சிசேரியன் செய்வீர்களா, ராத்திரியில் ஆள் இருப்பார்களா” என்று கேட்டு நம்பரை எழுதி ஒட்டிவை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரி. சிசேரியன் என்றால் பயப்படாதே. வெறும் வயிற்றோடு கொண்டு வரச் சொன்னால் இது முயல் என்று ஞாபகப்படுத்து, முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, அதற்குப் பட்டினி தேவையில்லை, பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். இன்னொன்று, வாயில் கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து முயலுக்கு விஷம். வயிற்றில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்துக் கொன்றுவிடும். யார் எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பெயரைப் பார்த்தால் திருப்பிக் கேள். சிசேரியன் செய்யும்போதே கருப்பையையும் எடுத்துவிடலாமா என்று கேட்டுப் பார், வயதான பெண் முயல்களுக்கு அதில் புற்றுநோய் வருவது ரொம்பச் சாதாரணம்.

எந்தக் கட்டத்திலாவது குட்டிகளா மிட்டாயா என்று டாக்டர் கேட்டால் மிட்டாய் என்று சொல். யோசிக்காதே. உன்னோடு தனிமையில் இருந்தவள் அவள்தான்.

குட்டிகள் முடியில்லாமல், கண் திறக்காமல், காது ஒட்டிக்கொண்டு கிடக்கும். வெளியே விழுந்து ஜில்லென்று ஆகியிருந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதே. வெள்ளச்சியின் முதல் மூன்றில் ஒன்று அப்படித்தான் இருந்தது. ரவிக்கைக்குள் போட்டு அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், கொஞ்ச நேரத்தில் வாய் அசைந்தது. முதலில் சூடு, அப்புறம்தான் பால், குளிர்ந்த வயிற்றில் பால் போனால் செரிக்காது. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் பழைய பேச்சு, உன் கையை அவள் முதுகில் ஒரு முறை தேய்த்துவிட்டுத் தொடு, போதும். செத்ததை மட்டும் உடனே எடுத்துவிடு.

அப்புறம், அவள் குட்டிகள் பக்கமே போவதில்லை என்று எனக்குப் போன் போட்டு அழாதே. முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும், அதுவும் சில நிமிடம்தான். நரி வந்து மோப்பம் பிடிக்காமல் இருக்க விலகி இருப்பது அவளுடைய இயல்பு. காலையில் பெட்டியைத் திறந்து குட்டிகளின் வயிற்றைப் பார், உருண்டையாக இருந்தால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி வயிறு ஒட்டியிருந்தால்தான் கவலை. பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும்.

மிட்டாய் சாப்பிடுகிறாளா, புழுக்கை போடுகிறாளா என்பதைக் குட்டிகளைவிடக் கவனமாகப் பார். பிரசவம் முடிந்து அரை நாளாகச் சாப்பிடவில்லை என்றால் டாக்டர். காம்பைச் சுற்றிச் சிவந்து சூடாக, கெட்டியாக இருந்தாலும் டாக்டர். சென்னை வெயில் அவளுக்கு ஆகாது, வியர்த்துச் சூட்டைத் தணிக்க அவளால் முடியாது. பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றி அவள் படுக்கும் பக்கம் வை, குட்டிப் பெட்டியில் வைக்காதே.

அப்பா வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறார், சனிக்கிழமை காலை கிளாம்பாக்கத்தில் இறங்குவார். ஒரு மூட்டை உலர்ந்த புல்லும், கொஞ்சம் வேலிமசால் தழையும், வெள்ளச்சியின் பழைய மரப்பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்ததும் வருகிறது. நாலு நாள் அங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கீழே ஒரு பாய் போதும். நீ ஆபீஸில் இப்போதே சொல்லி வை, லீவு எடுக்க வேண்டி வந்தால் தயங்காதே. அவள் முடி பிடுங்க ஆரம்பித்ததும் எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடு.

அம்மா