‘ஸான் தூத்’ என்றால் ‘சந்தேகமே இல்லை’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரான்ஸில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள் 2026 ஜனவரி 1 முதல் பேச்சிலும் எழுத்திலும் பி2 நிலைப் (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி1-க்கு அடுத்த படி) பிரெஞ்சு தெரிந்திருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு முன் பி1 போதுமானதாக இருந்தது. பி1 வரை, நடந்ததைச் சொல்லவும் பிடித்தது பிடிக்காததைச் சொல்லவும் தெரிந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பி2 அப்படி அல்ல, ஒரு பக்கம் நின்று வாதாடச் சொல்லும். தெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித்திறன் தேர்வின் பி2 எழுத்துப் பகுதியில் 1 மணி நேரத்துக்குள் குறைந்தது 250 சொற்களில் தன் நிலைப்பாட்டை எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வில் 30 நிமிடம் தயார் செய்துகொண்டு, ஏறக்குறைய 20 நிமிடம் ஒரு கருத்தை முன்வைத்து, தேர்வாளர் மறுத்துப் பேசும்போது அதைக் காப்பாற்ற வேண்டும்.

‘இதை நான் உறுதியாக நம்புகிறேன்’ என்பதை மனதார, பிழையில்லாமல் பிரெஞ்சில் சொல்வது எப்படி என்பது நம் வகுப்பறைகளில் முறையாகக் கற்பிக்கப்படுவதில்லை. பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழும் ஈழத்தமிழர்களுக்கும், புதுச்சேரியிலும் சென்னையிலும் பிரெஞ்சு படிப்பவர்களுக்கும் இந்தக் குறை ஒன்றுதான். குறிப்பேட்டில் ‘ஜெ ஸுயி ஸ்யூர்’ என்றால் ‘எனக்கு உறுதி’ என்று ஒரு வரி இருக்கும். அழுத்தம் வேண்டுமென்றால் நடுவில் ‘மிக’ என்னும் ‘த்ரே’ சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். பிரெஞ்சுக் காதுக்கு அந்த ‘த்ரே’ உறைப்பதே இல்லை. ‘தூத்தஃபே ஸ்யூர்’ அல்லது ‘ஸ்யூர் ஏ ஸெர்த்தேன்’ என்றுதான் அவர்கள் அழுத்துவார்கள்.

முதல் இடறல் ஒலியில். ‘ஸ்யூர்’ என்று நான் எழுதியிருப்பது தோராயமான எழுத்துதான், அந்தச் சொல்லில் ‘ய’ ஒலி கிடையாது. அதிலுள்ள உயிரொலி தமிழில் இல்லாததால் பலர் நம் ‘ஊ’வைப் போட்டு ‘ஜெ ஸுயி ஸூர்’ என்கிறார்கள். அதற்குப் பிரெஞ்சில் ‘எனக்குக் காது கேட்காது’ என்று பொருள். பழகும் வழி எளிது. ‘ஈ’ என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, உதடுகளை மட்டும் ‘ஊ’ சொல்வதுபோல் குவியுங்கள். வருவதுதான் அந்த ஒலி. உதடு குவியும்போது நாக்கும் பின்னால் போய்விடுவதால்தான் பிழை நேர்கிறது. நாக்கின் நுனி கீழ்ப்பல்லைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது பின்னால் போகாது. எழுதும்போது அந்த உயிரெழுத்தின் மேல் கூரை போன்ற குறியைப் போட மறக்கக் கூடாது. குறி விடுபட்டால் சொல் ‘மேலே’ என்று பொருள் மாறிவிடும்.

அடுத்தது வினை. பிரெஞ்சில் உறுதி முதன்மையாகக் குடியிருப்பது இங்கேதான், உரிச்சொற்களில் அல்ல. ‘ஜெ ஸுயி ஸ்யூர் கில் வியேந்திரா’ என்றால் அவர் வருவார் என்பதில் எனக்கு உறுதி. ‘ஜெ நெ ஸுயி பா ஸ்யூர் கில் வியென்’ என்றால் அவர் வருவாரா என்பதில் உறுதியில்லை. முதல் வாக்கியத்தின் வினை சாதாரண எதிர்காலம். இரண்டாவதில் ஐயத்துக்கும் விருப்பத்துக்கும் உரிய ‘ஸ்யூப்ழோன்க்திஃப்’ வடிவம். உறுதியைச் சொல்லிவிட்டு அடுத்த நொடியே ‘வியென்’ என்று முடித்தால், வாயால் உறுதி கொடுத்துவிட்டு வினையால் அதைத் திரும்பப் பெற்றதாகிவிடும். பி2 மாணவர்கள் இந்த வடிவத்தைப் புதிதாகப் படித்த உற்சாகத்தில், ‘என்று’ போல வாக்கியங்களை இணைக்கும் ‘கெ’ வரும் இடமெல்லாம் அதைப் போடுவதால்தான் இந்தப் பிழை இவ்வளவு பெருகியிருக்கிறது. ‘உறுதி’, ‘தெளிவு’, ‘நம்பிக்கை’ என்று வந்தால் சாதாரண வினை. அவற்றை மறுத்தால் ஸ்யூப்ழோன்க்திஃப். ‘ஒருவேளை முடியலாம்’ என்னும் ‘இல் ஏ பொஸீப்ள் கெ’வுக்கும் ஸ்யூப்ழோன்க்திஃப்தான். ஆனால் ‘அநேகமாக’ என்னும் ‘இல் ஏ ப்ரொபாப்ள் கெ’ உறுதியின் பக்கம் நிற்பதால் அதற்குச் சாதாரண வினை.

இனி, தலைப்பில் சொன்ன ‘ஸான் தூத்’. சொல்லைப் பிரித்தால் ‘ஐயமின்றி’ என்றுதான் வரும், பழைய பிரெஞ்சில் பொருளும் அதுவே. இன்று அது ‘அநேகமாக’ என்னும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. கல்யாண அழைப்பிதழைக் கையில் வாங்கிக்கொண்டு நாம் சொல்லும் ‘கண்டிப்பா’ எப்படித் தேய்ந்ததோ, அப்படி. உண்மையிலேயே ஐயமில்லை என்றால் ‘ஸான்ஸ் ஓகன் தூத்’ அல்லது ‘ஸான் ந்யூல் தூத்’ என்று எதிர்மறையை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ‘ஸ்யூர்மான்’ என்பதும் இப்படித்தான். ‘இல் வியேந்திரா ஸ்யூர்மான்’ என்றால் ‘வந்துவிடுவார் என்று நினைக்கிறேன்’ என்ற அளவுதான். வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தில் ‘இந்தப் பொறுப்பை ஸான் தூத் நிறைவேற்றுவேன்’ என்று எழுதினால், அனுப்புபவர் உறுதி கொடுத்ததாக நினைத்துக்கொள்வார், படிப்பவர் தயக்கத்தைத்தான் பார்ப்பார்.

இதற்கு நேர்மாறான கண்ணி ஒன்றும் உண்டு. ‘ஜெ தூத்’ என்றால் ‘ஐயப்படுகிறேன்’. நடுவில் ஒரு ‘மெ’ சேர்ந்து ‘ஜெ மெ தூத்’ ஆனால் ‘அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்’ என்று பொருள் தலைகீழாகிவிடும். ‘ஜெ மான் தூத்தே’ என்று ஒருவர் சொன்னால், ‘நான் அப்பவே நினைச்சேன்’ என்கிறார்.

தமிழர்களுக்கே உரிய சிக்கல் ‘நம்பு’ என்னும் வினை. நமக்கு அது ஒரே சொல். பிரெஞ்சில் அதைப் பல இடங்களில் பிரித்துப் போட வேண்டும். நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு ‘ஜெஸ்பேர் கெ’, அதன்பின் சாதாரண வினை. நீ சொல்வதை ஏற்கிறேன் என்பதற்கு ‘ஜெ தெ க்ருவா’. உன் திறமையில் எனக்கு நம்பிக்கை என்பதற்கு ‘ஜெ க்ருவா ஆன் துவா’. இந்தக் காரியம் கைகூடும் என்பதற்கு ‘ஜீ க்ருவா’. உன்னிடம் பொறுப்பை ஒப்படைக்கிறேன் என்பதற்கு ‘ஜெ தெ ஃபே கொன்ஃபியான்ஸ்’. இவற்றை விட்டுவிட்டு ‘ஜெ க்ருவா கெ’ என்று தொடங்கினால் அது வெறும் ‘என்று நினைக்கிறேன்’தான். பல ஆண்டுகள் படித்தவர்கள்கூட நெஞ்சில் இருக்கும் உறுதியை இந்த மெலிந்த சொல்லில் கொட்டிவிடுவதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது.

எதிர்மறைக் கேள்வியிலும் கவனம் வேண்டும். ‘நீங்கள் வரவில்லையா?’ என்று கேட்டால் நாம் ‘ஆமாம், வரவில்லை’ என்போம். பிரெஞ்சில் அங்கே ‘வுய்’ வரவே கூடாது. வரவில்லை என்றால் ‘நோன்’. வருகிறேன், நீங்கள் நினைப்பது தவறு என்றால் ‘ஸி’. மறுப்பை மறுக்கவென்றே அந்த மொழி வைத்திருக்கும் ஓரெழுத்து ஆயுதம் இது. தேர்வாளர் ‘இதனால் பயன் இல்லையே?’ என்று சீண்டும்போது ‘மே ஸி!’ என்று தொடங்குபவரின் பேச்சுக்கு அங்கேயே முதுகெலும்பு வந்துவிடும். ‘வுய்’ என்று தொடங்கினால் தேர்வாளர் குழம்பிவிடுவார்.

நம் ‘தான்’ என்னும் இடைச்சொல்லுக்கு ஈடான ஒட்டு பிரெஞ்சில் இல்லை. ‘நான்தான் சொன்னேன்’ என்பதை ‘ஜெ’யை உரக்கச் சொல்லிக் காட்ட முடியாது, வாக்கியத்தையே பிளக்க வேண்டும்: ‘ஸே முவா கி லே தி’. இதில் வினை ‘முவா’வோடு, அதாவது தன்மையோடு, இயைய வேண்டும். ‘கி’ வந்துவிட்டதே என்று படர்க்கையாக்கி ‘கி லா தி’ என்பது மிகப் பரவலான பிழை. ‘கையெழுத்துப் போடத்தான் செய்தார்’ என்பதுபோல் ‘தான்’ வினையில் ஏறினால், அதற்கு ‘பெல் ஏ பியேன்’ இருக்கிறது: ‘இல் ஆ பெல் ஏ பியேன் ஸிஞே’. தமிழ் மாணவருக்கு இதைத் ‘தான்’ வழியாகச் சொல்லிக் கொடுத்தால் ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்வார். ஆங்கிலம் வழியாகப் போனால் சுற்றுவழி.

‘மனப்பூர்வமாக’ என்பதற்கு வருகிறேன். ‘த்யூ ஃபோன் த்யூ கேர்’, நெஞ்சின் ஆழத்திலிருந்து, என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அது பெரும்பாலும் நன்றிக்கும் வாழ்த்துக்கும் மன்னிப்புக்கும் சேரும். துக்கத்தில் இருப்பவரிடம் ‘தெ தூ கேர் அவெக் வூ’ என்பார்கள். கருத்தில் உள்ள உறுதிக்குப் பொருத்தமான சொல் ‘ஏந்தீமமான் கொன்வேன்க்யூ’. ‘ஏந்தீம்’ என்பதை ‘நெருக்கமான’ என்று மட்டுமே படித்தவர்கள் இதைக் கண்டு தயங்குவார்கள். இங்கே அதன் பொருள் ‘உள்ளாழத்தில்’. பிரான்ஸின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 353ஆம் பிரிவு ஜூரிகளிடம் கேட்பது ஒரே கேள்வி: ‘அவே-வூ ஸ்யூன் ஏந்தீம் கொன்விக்ஸ்யோன்?’ உங்கள் உள்ளாழத்தில் உறுதி ஏற்பட்டிருக்கிறதா? அந்த அறிவுறுத்தலை ஜூரிகள் கலந்தாயும் அறையில் பெரிய எழுத்துகளில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒரு மனிதரின் சிறைவாசத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்த நாடு தேர்ந்தெடுத்த சொல் இது. வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தால் அதன் கனம் மாணவருக்குத் தானே புரியும்.

‘கொன்வேன்க்யூ’வின் கடைசி ஒலியை நழுவவிட்டு ‘கொன்வேன்கான்’ என்றால், ‘எனக்கு உறுதி’ என்பது ‘நான் பிறரை நம்பவைப்பவன்’ என்று ஆகிவிடும். பெண்கள் எழுதும்போது ‘கொன்வேன்க்யூ’, ‘பெர்ஸுவாதே’, ‘ஸ்யூர்’ மூன்றிலும் ஒரு ‘எ’ கூடும். இம்மூன்றிலும் உச்சரிப்பு மாறாது என்பதாலேயே அது விடுபட்டுப்போகிறது. ‘உறுதியாக நம்பும்’ என்னும் ‘பெர்ஸுவாதே’க்கு இன்னொரு சாயல் உண்டு. ‘ஜெதே பெர்ஸுவாதே கெ...’ என்று இறந்தகாலத்தில் தொடங்கினால், பெரும்பாலும் ‘அப்படித்தான் என்று உறுதியாக நினைத்திருந்தேன், ஆனால் தவறாகிவிட்டது’ என்று தொடரும்.

இத்தனைக்கும் மேலாக, பிரெஞ்சில் மிக வலுவான உறுதி எந்த அலங்காரமும் இல்லாத வாக்கியமாகவே பல நேரம் வருகிறது. ‘இல் வியேந்திரா.’ வருவார். அவ்வளவுதான். ஒரு பத்தியில் நான்கு முறை ‘எனக்கு உறுதி’ என்று எழுதினால் ஐயம்தான் கூடும். ஒரு முறை போதும். மீதி இடத்தைக் காரணங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

பி2 வகுப்பு நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பிலும் 10 நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். இருவரை எதிரெதிரே உட்காரவையுங்கள். ஒருவர் எதிர்மறைக் கேள்வியாகவே கேட்கட்டும்; மற்றவர் ‘ஸி’ அல்லது ‘நோன்’ என்று தொடங்கி, சாதாரண வினையில் ஒரு வாக்கியமும் அதற்கொரு காரணமும் சொல்லட்டும். பிறகு பக்கம் மாற்றுங்கள். பாடக்குறிப்பு அச்சிடுவோர், ‘ஸான் தூத்’ என்பதற்கு நேரே இருக்கும் ‘சந்தேகமில்லாமல்’ என்பதை அடித்துவிட்டு ‘அநேகமாக’ என்று திருத்துங்கள்.

இப்படிக்கு,
பிரெஞ்சு மொழிப் பயிற்றுநர்,
புதுச்சேரி